உச்சி எங்கே இருக்கிறது? (ஒரு பரிசும் ஒரு திருத்தமும்)



ஆகஸ்ட் 15 அன்று நம் பள்ளியில் நடந்த பேச்சுப் போட்டி உங்களுக்கு நினைவிருக்கும். தலைப்பு ‘எங்கள் ஊர்ப் பெருமை’. நான் தஞ்சைப் பெரிய கோயிலைப் பற்றிப் பேசினேன். கடைசியில் கையை உயர்த்தி, “தன் நிழல் தரையில் விழாத கோபுரம் இந்த உலகத்தில் வேறு எங்காவது உண்டா?” என்று கேட்டேன். பலத்த கைதட்டல்! முதல் பரிசாக எவர்சில்வர் டிபன் பாக்ஸ் கிடைத்தது.

மறுநாள் குழாயடியில் கை கழுவிக்கொண்டிருந்தபோது ஏழாம் வகுப்புத் தங்கை ஒருத்தி பக்கத்தில் வந்து நின்றாள். “அக்கா, ஒரு டவுட்டு. போன மாசம் எங்க அத்தை வந்தப்போ பெரிய கோயிலுக்குப் போனோம். வெயில் தாங்கலன்னு கோபுர நிழல்லதான் உக்காந்து சுண்டல் சாப்பிட்டோம். நிழலே விழாதுன்னா, நாங்க எதுல உக்காந்தோம்?”

எனக்குப் பதில் தெரியவில்லை. “அது வேற நிழலா இருக்கும்” என்று சமாளித்துவிட்டு வந்துவிட்டேன். ஆனால் அன்று முழுக்க மனசு உறுத்தியது. அந்தச் சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு நானே பெரிய கோயிலுக்குப் போய்ப் பார்த்தேன். கோபுரத்தின் நிழல் மேற்குப் பக்கத் தரையில் நீளமாகப் படுத்திருந்தது. அதில் இரண்டு குடும்பங்கள் உட்கார்ந்திருந்தார்கள்!

திங்கட்கிழமை டிபன் பாக்ஸைப் பையில் போட்டுக்கொண்டு அறிவியல் சாரிடம் போனேன். “சார், நான் தப்பாப் பேசிப் பரிசு வாங்கிட்டேன். திருப்பிக் கொடுத்துடறேன்” என்றேன். சார் சிரித்தார். “பரிசை வச்சுக்கோ. ஆனா எத்தனை பேருக்கு முன்னாடி தப்பைச் சொன்னியோ அத்தனை பேருக்கும் சரியானதைச் சொல்லணும். சூரியன் உச்சிக்கு வர்றதுன்னா என்னன்னு முதல்ல புரிஞ்சுக்கோ. அப்புறம் சுவர் இதழ்ல எழுது” என்றார். அந்தத் திருத்தம்தான் இந்தக் கட்டுரை.

உச்சி என்றால் என்ன?

நாம் ‘உச்சி வெயில்’ என்கிறோம், ‘உச்சிவேளை’ என்கிறோம், கோயிலில் ‘உச்சிக்கால பூஜை’ என்கிறோம். தலையின் நடு மேல்பகுதியையும் உச்சி என்றுதான் சொல்கிறோம். வானியலில் உச்சி என்பது ஒரு புள்ளி. நீங்கள் நிற்கும் இடத்திலிருந்து நேர் செங்குத்தாக மேலே ஒரு கோடு போட்டால், அது வானத்தைத் தொடும் புள்ளியே உச்சி. ஆங்கிலத்தில் ஜெனித் என்பார்கள். ‘தலைக்கு மேலான வழி’ என்ற பொருள் கொண்ட அரபுச் சொல்லிலிருந்து அது வந்தது. அதே கோட்டைக் கீழ்நோக்கிப் பூமியைத் துளைத்து நீட்டினால் மறுபக்க வானத்தில் தொடும் புள்ளிக்கு நாடிர் என்று பெயர். நம் தஞ்சாவூருக்கு நேர் கீழே பூமியின் மறுபக்கம் என்ன இருக்கிறது தெரியுமா? பெரு நாட்டுக்கு மேற்கே உள்ள பசிபிக் பெருங்கடல். அங்கே கப்பலில் போகிறவருக்கு எது உச்சியோ, அது நமக்கு நாடிர்!

சரி, ‘நேர் செங்குத்து’ என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது? கண்ணால் பார்த்தால் ஏமாந்துவிடுவோம். என் அப்பா கொத்தனார். அவர் பையில் எப்போதும் ஒரு தூக்குக்குண்டு இருக்கும். நூலில் கட்டிய இரும்புக் குண்டு. சுவர் சாய்ந்திருக்கிறதா என்று அதைத் தொங்கவிட்டுத்தான் பார்ப்பார். “கண்ணு பொய் சொல்லும்மா, குண்டு பொய் சொல்லாது” என்பார். அந்த நூல் கீழே காட்டுவது பூமி இழுக்கும் திசை. அதற்கு நேர் எதிர்த் திசையே உச்சி. உச்சியைக் காட்டும் முதல் கருவி ஒவ்வொரு கொத்தனார் பையிலும் இருக்கிறது என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது.

ஒவ்வொருவருக்கும் ஒரு உச்சி

எனக்கு வியப்பாக இருந்த விஷயம் இது. வானம் எல்லோருக்கும் பொது. ஆனால் உச்சி பொது அல்ல! பூமி உருண்டை. அதன் மேல் வேறு வேறு இடத்தில் நிற்பவர்களின் தூக்குக்குண்டு நூல்கள் ஒன்றுக்கொன்று இணையாக இருக்காது. எல்லாம் ஏறக்குறைய பூமியின் மையத்தை நோக்கித் தொங்கும். மேலே போகப் போக அந்தக் கோடுகள் விரிந்துகொண்டே போகும். ஆகவே ஒவ்வொருவர் கோடும் வானத்தில் வேறு புள்ளியைத் தொடும்.

வடக்கே சுமார் 111 கிலோமீட்டர் போனால் உங்கள் உச்சி ஒரு டிகிரி நகரும். ஒரு டிகிரியை 3600 பங்காக்கினால் ஒரு பங்குக்குத் தரையில் சுமார் 31 மீட்டர். நம் பள்ளி மைதானத்தின் ஒரு ஓரத்தில் நிற்கும் உங்கள் உச்சியும் மறு ஓரத்தில் நிற்கும் உங்கள் நண்பரின் உச்சியும் ஒன்றல்ல. நாம் நடந்தால் உச்சியும் கூடவே நடக்கிறது.

சூரியன் உச்சிக்கு எப்போது வரும்?

“பகல் 12 மணிக்குச் சூரியன் தலைக்கு நேர் மேலே இருக்கும்.” இதைச் சின்ன வகுப்பிலிருந்து நாம் எல்லோரும் சொல்லி வருகிறோம். இதில் இரண்டு தவறுகள் இருக்கின்றன.

முதல் தவறு, தினமும் வரும் என்று நினைப்பது. பூமியின் அச்சு சுமார் 23.5 டிகிரி சாய்ந்திருக்கிறது. அதனால் சூரியன் ஆறு மாதம் வடக்கே நகர்வது போலவும், ஆறு மாதம் தெற்கே நகர்வது போலவும் நமக்குத் தெரிகிறது. வடக்கே கடகரேகை வரைக்கும் தெற்கே மகரரேகை வரைக்கும்தான் அது நேர் உச்சிக்கு வரும். இடையில் உள்ள ஊர்களுக்கு ஆண்டில் இரண்டே நாள், போகும்போது ஒருமுறை, திரும்பும்போது ஒருமுறை. அந்த நாள்களை நிழலில்லா நாள் என்கிறார்கள். நம் பக்கத்து ஊர்களுக்கு ஏறக்குறைய இப்படி வரும்:

கன்னியாகுமரி – ஏப்ரல் 10, செப்டம்பர் 1
மதுரை – ஏப்ரல் 16, ஆகஸ்ட் 27
தஞ்சாவூர் – ஏப்ரல் 18, ஆகஸ்ட் 25
சென்னை – ஏப்ரல் 24, ஆகஸ்ட் 18

(லீப் ஆண்டு கணக்கால் ஒரு நாள் முன்பின் ஆகலாம்.)

பட்டியலைக் கவனித்தீர்களா? ஏப்ரலில் தெற்கிலிருந்து வடக்கே போகிறது, ஆகஸ்டில் வடக்கிலிருந்து தெற்கே வருகிறது. இந்த நாள்களில் சூரியன் நேர் உச்சியில் நிற்கும் இடம் ஒரு நாளைக்குச் சுமார் 38 கிலோமீட்டர் நகர்கிறது. தஞ்சாவூரிலிருந்து சென்னைக்கு நாம் பஸ்ஸில் ஒரே ராத்திரியில் போய்விடுவோம். சூரியனுக்கு ஒரு வாரம் ஆகிறது!

டெல்லி கடகரேகைக்கு வடக்கே இருக்கிறது. அங்கே சூரியன் ஒருநாளும் உச்சிக்கு வராது. ஜூன் 21 அன்றுகூட சுமார் 5 டிகிரி தெற்கே தள்ளித்தான் நிற்கும். டெல்லியில் இருப்பவர்களுக்கும் ‘உச்சி வெயில்’ கொளுத்துகிறது, ஆனால் உண்மையான உச்சியில் சூரியனை அவர்கள் ஊரில் பார்க்கவே முடியாது.

இரண்டாவது தவறு, 12 மணி. நம் கைக்கடிகாரம் காட்டுவது இந்திய நேரம். அது 82.5 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகைக்கு உரிய நேரம். தஞ்சாவூர் அதற்கு மேற்கே சுமார் 79 டிகிரியில் இருக்கிறது. ஒரு டிகிரிக்கு 4 நிமிடம் வீதம் நமக்குச் சூரியன் 13 நிமிடம் தாமதமாக வரும். அதோடு ஆண்டு முழுவதும் சில நிமிடங்கள் கூடும், குறையும். ஆகஸ்ட் 25 அன்று நமக்கு உண்மையான நண்பகல் 12 மணி 15 நிமிடம். சென்னை நமக்குக் கிழக்கே இருப்பதால் அங்கே 12 மணி 11 நிமிடத்துக்கே வந்துவிடும்.

ஆகஸ்ட் 25: மைதானத்தில் நடந்தது

இதையெல்லாம் சார் விளக்கியபோது ஆகஸ்ட் 25-க்கு நாலே நாள்தான் இருந்தது. “அடுத்தது ஏப்ரல் 18. அப்போ பரீட்சை நேரம். இதை விட்டா நீங்க பத்தாவது முடிச்சுப் போயிடுவீங்க” என்றார் சார். உடனே வேலையில் இறங்கினோம்.

தேவையானவை மூன்றே பொருள்கள்: ஒரு மீட்டர் நீளமுள்ள நேரான பிவிசி குழாய், மணல் நிரப்பிய வாளி, அப்பாவின் தூக்குக்குண்டு. குழாயை மணலின் நடுவில் நட்டு, இரண்டு பக்கமும் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டுச் செங்குத்தாக்கினோம். முதலில் கண்ணால் பார்த்து நேராக நட்டதாக நினைத்தோம். குண்டைத் தொங்கவிட்டதும் ஒரு விரல் அகலம் சாய்ந்திருப்பது தெரிந்தது. அப்பா சொன்னது சரிதான்!

வாளி கொஞ்சம் சின்னதாக இருந்ததால், நிழல் விழும் மணலைத் தட்டிச் சமமாக்கி ரசமட்டம் வைத்துப் பார்த்தோம். கேள்வி கேட்ட ஏழாம் வகுப்புத் தங்கையைத்தான் நேரம் சொல்ல நிறுத்தினோம். அவளுக்கு அந்த உரிமை உண்டு அல்லவா!

11.45-க்குக் குழாயின் நிழல் மேற்கே நீட்டிக்கொண்டிருந்தது. கொஞ்சம் கொஞ்சமாகக் குறுகியது. 12.05-க்கு ஒரு பெரிய மேகம் வந்து மூடிவிட்டது. எல்லோர் முகமும் வாடிவிட்டது. மதிய உணவு மணி அடித்தும் ஒருவரும் போகவில்லை. 12.10, 12.11, 12.12... “சார், மேகம் போகலன்னா என்ன சார் பண்றது?” என்று ஒருவன் கேட்டான். “ஏப்ரலுக்குக் காத்திருக்கணும்” என்றார் சார்.

12.13-க்கு வெயில் சுளீரென்று அடித்தது. நிழல் ஒரு சென்டிமீட்டர்கூட இல்லை. “பன்னெண்டு பதினஞ்சு!” என்று தங்கை கத்தினாள். குழாயைச் சுற்றி எந்தப் பக்கமும் நிழல் இல்லை. குழாயின் உள்ளே அடியில் இருந்த மணலில் மட்டும் காசு போல வட்டமாக வெளிச்சம் விழுந்திருந்தது. வாளியைச் சுற்றியும் நிழல் இல்லை. எங்கள் நிழல்கள் எங்கள் காலடியிலேயே ஒடுங்கிக் கிடந்தன. கொடிக்கம்பத்துக்கும் நிழல் இல்லை.

இரண்டு மூன்று நிமிடம்தான். பிறகு கிழக்குப் பக்கம் மெல்லிசாக ஒரு நிழல் முளைத்தது.

அந்தக் கொடிக்கம்பத்தைப் பார்த்தபோது எனக்கு ஒன்று புரிந்தது. அந்த நிமிடத்தில் பெரிய கோயில் கோபுரத்தின் உச்சிக் கலசத்துக்கும் தரையில் நிழல் இல்லை. ஆனால் அது கோபுரத்தின் அதிசயம் அல்ல. சூரியன் நம் ஊரின் உச்சிக்கு வந்ததால் அந்த நிமிடத்தில் ரோட்டில் நின்ற மாட்டுக்கும் அதே மரியாதைதான்!

நிழலை வைத்துப் பூமியை அளந்தோம்

சென்னையில் படிக்கும் என் பெரியப்பா மகன் அண்ணனிடம் முன்பே போனில் சொல்லிவைத்திருந்தேன். அவரும் அதே நாளில், அவர் ஊர் நண்பகலில், ஒரு மீட்டர் குழாயை மொட்டை மாடியில் நிறுத்தினார். நமக்கு நிழல் இல்லாத அதே நாளில் அவருக்கு வடக்கு நோக்கி 4.2 சென்டிமீட்டர் நிழல் விழுந்தது. காரணம், சூரியன் நம் உச்சியில் இருந்தது, அவர் உச்சியில் இல்லை. அவர் உச்சிக்குக் கொஞ்சம் தெற்கே இருந்தது.

இப்போது நம் பத்தாம் வகுப்புக் கணக்கு வருகிறது. 4.2-ஐ 100-ஆல் வகுத்தால் 0.042. டேன்ஜென்ட் அட்டவணையைப் பார்த்தால் சுமார் 2.4 டிகிரி. தஞ்சாவூரின் உச்சிக்கும் சென்னையின் உச்சிக்கும் தெற்கு வடக்காக உள்ள இடைவெளி இதுதான்! ஒரு முழு வட்டம் 360 டிகிரி. 360-ஐ 2.4-ஆல் வகுத்தால் 150. ஆகவே இரண்டு ஊருக்கும் உள்ள தூரத்தை 150-ஆல் பெருக்கினால் பூமியின் சுற்றளவு வந்துவிடும்.

நான் உடனே பஸ் தூரம் 340 கிலோமீட்டர் என்று வைத்துப் பெருக்கினேன். 51,000 கிலோமீட்டர் வந்தது. புத்தகத்தில் 40,000 என்று இருக்கிறதே என்று குழம்பினேன். “பஸ் வளைஞ்சு வளைஞ்சு போகுது. சென்னை நமக்கு நேர் வடக்கும் இல்லை, வடகிழக்கு. உனக்குத் தேவை தெற்கு வடக்குத் தூரம் மட்டும்தான்” என்றார் சார். அட்லஸில் ஸ்கேல் வைத்து அளந்தேன். தெற்கு வடக்காகச் சுமார் 250 கிலோமீட்டர். 150 பெருக்கல் 250 என்றால் 37,500! உண்மையான அளவுக்கு 2,500 கிலோமீட்டர்தான் குறைவு. ஒரு பிவிசி குழாயும் ஒரு போனும் வைத்துச் செய்ததற்கு இது மோசமில்லை என்றார் சார். சூரியன் புள்ளியல்ல, அரை டிகிரி அகலமுள்ள வட்டு. அதனால் நிழலின் ஓரம் மங்கலாக இருக்கும், ஒன்றிரண்டு மில்லிமீட்டர் பிசகத்தான் செய்யும்.

இந்த முறையை நாங்கள் கண்டுபிடிக்கவில்லை. சுமார் 2,250 ஆண்டுகளுக்கு முன் எகிப்தில் வாழ்ந்த எரடோஸ்தனிஸ் என்ற அறிஞர் செய்ததுதான். ஜூன் 21 வாக்கில் தெற்கே சயீன் என்ற ஊரில் (இன்றைய அஸ்வான்) சூரியன் நேர் உச்சிக்கு வரும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அதே நாளில் வடக்கே அலெக்சாண்டிரியாவில் நிழலின் கோணம் 7.2 டிகிரி, அதாவது வட்டத்தில் 50-இல் ஒரு பங்கு. இரண்டு ஊருக்கும் உள்ள தூரத்தை 50-ஆல் பெருக்கி விடை சொன்னார். அவரிடம் போனும் இல்லை, அட்லஸும் இல்லை!

அப்படியானால் பெரிய கோயில் நிழல்?

இனி என் பேச்சைத் திருத்துகிறேன். கோபுரத்தின் உயரம் சுமார் 60 மீட்டர், அடிப்பக்கத்தின் அகலம் சுமார் 30 மீட்டர் என்று கணக்குக்கு வைத்துக்கொள்வோம். நடுவிலிருந்து ஓரம் வரை 15 மீட்டர். நண்பகலில் சூரியன் உச்சியிலிருந்து 14 டிகிரிக்குள் இருந்தால், கோபுரத்தின் மேல் நுனியின் நிழல் அந்த 15 மீட்டருக்குள்ளேயே, அதாவது கோபுரத்தின் மேலேயே விழுந்துவிடும். ஏறக்குறைய மார்ச் நடுவிலிருந்து செப்டம்பர் முடிய நமக்கு நண்பகல் சூரியன் இந்த எல்லைக்குள்தான் இருக்கிறது. அப்போதும் அடிச்சுவரின் நிழல் கொஞ்சம் தரையில் விழும். ஆனால் கோபுர வடிவில் நீண்ட நிழல் தெரியாது.

டிசம்பர் 22 அன்று சூரியன் நம் உச்சியிலிருந்து சுமார் 34 டிகிரி தெற்கே போய்விடுகிறது. அன்று நண்பகலிலேயே நுனியின் நிழல் நடுவிலிருந்து சுமார் 40 மீட்டர் வடக்கே போய்விழும். காலை மாலையில் ஆண்டு முழுவதும் நீளமான நிழல் விழும். கோடை மதியத்தில் வந்தவர்கள் நிழலைக் காணாமல் ஆச்சரியப்பட்டுச் சொன்னது, வாய் வழியாக ‘எப்போதும் விழாது’ என்று மாறியிருக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது.

முதலில் எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. நம் ஊர்ப் பெருமையை நானே குறைக்கிறேனோ என்று நினைத்தேன். அப்பாவிடம் சொன்னேன். அவர் சொன்னார்: “ஏம்மா, ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடி அவ்வளவு கல்லை அவ்வளவு உசரத்துக்கு ஏத்தி, இன்னிக்கு வரைக்கும் சாயாம நிக்குது. தூக்குக்குண்டு பிடிச்சவனுக்குத்தான் அந்த அருமை தெரியும். அதுக்கு மேல பொய்யா ஒண்ணு எதுக்கு?” முதலாம் இராசராசன் 1010-இல் முடித்த கோபுரம் அது. என் பேச்சில் இதைச் சொல்லியிருந்தாலே போதும்.

உச்சியைத் தேடி வந்த லாம்டன்

பெரிய கோயிலுக்கும் உச்சிக்கும் உண்மையாகவே ஒரு தொடர்பு இருக்கிறது. அது நம்மில் பலருக்குத் தெரியாது.

1802 ஏப்ரல் 10 அன்று வில்லியம் லாம்டன் என்ற ஆங்கிலேய அதிகாரி சென்னை பரங்கிமலைப் பக்கத்தில் தரையில் ஒரு நேர்க்கோட்டை இரும்புச் சங்கிலியால் அளக்கத் தொடங்கினார். பிற்காலத்தில் இமயமலை வரை போன பெரிய நில அளவையின் தொடக்கம் அதுதான். அவருக்கு வரைபடம் மட்டும் நோக்கமல்ல. பூமியின் ஒரு டிகிரி எவ்வளவு நீளம் என்று மிகத் துல்லியமாக அறிய விரும்பினார். அதற்கு அவர் செய்ததும் நாங்கள் குழாயை வைத்துச் செய்ததும் அடிப்படையில் ஒன்றுதான். தெற்கே ஓர் இடத்தில் ஒரு நட்சத்திரம் உச்சியிலிருந்து எவ்வளவு விலகிப் போகிறது என்று பார்ப்பார். வடக்கே இன்னோர் இடத்தில் அதே நட்சத்திரத்தைப் பார்ப்பார். இரண்டுக்கும் உள்ள வித்தியாசமே இரு இடங்களின் உச்சிகளுக்கு இடையில் உள்ள கோணம். இதற்காகவே அவரிடம் உச்சிமானி என்று சொல்லத்தக்க ஒரு கருவி இருந்தது. நேர் மேலே பார்க்கும் தொலைநோக்கி, அதோடு ஒரு தூக்குக்குண்டு நூல், கோணம் அளக்க ஒரு வில். அதிலும் தூக்குக்குண்டுதான்!

ஏன் உச்சிக்குப் பக்கத்து நட்சத்திரம்? காற்று ஒளியை வளைக்கிறது. அடிவானத்தில் தெரியும் நட்சத்திரம் அரை டிகிரிக்கும் மேலாக உயர்ந்து தெரியும். உச்சியில் உள்ளதன் ஒளி நேராக இறங்குவதால் வளைவதில்லை. அதனால்தான் இங்கிலாந்தில் 1725-இல் இதே வகைக் கருவியை லண்டன் அருகே கியூ என்ற இடத்தில் ஒரு வீட்டின் புகைபோக்கியோடு பொருத்தி, அந்த ஊர் உச்சி வழியாகப் போகும் ஒரு நட்சத்திரத்தைக் கவனித்தார்கள். அது ஆண்டு முழுவதும் மிகச் சிறிதளவு அசைந்தது. பூமி ஓடிக்கொண்டிருப்பதால் ஒளி சாய்ந்து வருவது போலத் தெரிகிறது என்று ஜேம்ஸ் பிராட்லி 1728-இல் காரணம் கண்டார். பூமி ஓடுகிறது என்பதற்கு அது நேரடிச் சான்று.

லாம்டன் கதைக்கு வருவோம். நில அளவைக்கு உயரமான இடங்கள் வேண்டும். காவிரிச் சமவெளியில் மலை ஏது? கோயில் கோபுரங்களில்தான் கருவியை ஏற்றினார்கள். 1808-இல் சுமார் அரை டன் எடையுள்ள தியோடலைட் கருவியைப் பெரிய கோயில் கோபுரத்தில் கயிறு கட்டி ஏற்றும்போது கயிறு அறுந்தது. கருவி கோபுரத்தில் மோதி, கோணம் அளக்கும் அதன் பெரிய வட்டம் நெளிந்துவிட்டது. வேறு கருவி வரவழைக்க இங்கிலாந்துக்கு எழுத வேண்டும், கப்பல் வர வேண்டும். லாம்டன் மனம் தளராமல் பல வாரம் உட்கார்ந்து கொஞ்சம் கொஞ்சமாக வட்டத்தை நிமிர்த்திச் சரிசெய்தார். அதை வைத்தே வேலை தொடர்ந்தது. தவறு நேர்வது பெரிதல்ல, அதைச் சரிசெய்யாமல் விடுவதுதான் பெரிது என்று இதைப் படித்தபோது எனக்குத் தோன்றியது.

இரவிலும் உச்சியைப் பார்க்கலாம்

ஆகஸ்ட் 25 இரவு பத்து மணிக்குக் கொஞ்சம் முன்னால் அப்பாவும் நானும் மாடியில் பாய் விரித்துப் படுத்தோம். தூக்குக்குண்டைக் கொடிக்கம்பியில் கட்டி, அதன் நூலுக்கு நேர் கீழே தலையை வைத்து மேலே பார்த்தேன். உச்சிக்குச் சற்றுத் தெற்கே ஒரு பிரகாசமான நட்சத்திரம் நின்றது. திருவோணம்! கையை முழுக்க நீட்டிக் கட்டைவிரலை வைத்தால் அதன் அகலம் சுமார் 2 டிகிரி. திருவோணத்துக்கும் நம் உச்சிக்கும் அவ்வளவுதான் தூரம். ஏப்ரல் 18 அன்று இரவு எட்டரை மணி வாக்கில் பார்த்தால் மக நட்சத்திரம் உச்சிக்குச் சற்று வடக்கே, ஒரு சுண்டுவிரல் அகலத்தில் நிற்கும். பகலில் சூரியன், இரவில் மகம், ஒரே நாளில் இரண்டும் நம் உச்சிக்கு விருந்தாளி!

நீங்களும் செய்து பாருங்கள்

1. பள்ளி நண்பகலில் (12.15 வாக்கில்) கொடிக்கம்ப நிழலை மாதம் ஒருமுறை சுண்ணாம்புக் கோடு போட்டுக் குறியுங்கள். ஏப்ரல் 18 முதல் ஆகஸ்ட் 25 வரை தெற்கே விழும், மற்ற நாள்களில் வடக்கே விழும்.

2. ஏப்ரல் 18 வாக்கில் விடுமுறைக்கு எந்த ஊரில் இருந்தாலும் ஒரு மீட்டர் குச்சியின் நண்பகல் நிழலை அளந்து வந்து சொல்லுங்கள். சேர்த்துக் கணக்குப் போடலாம். 37,500-ஐ இன்னும் 40,000-க்குப் பக்கத்தில் கொண்டுவரலாம்.

3. எச்சரிக்கை: குழாய் வழியாகச் சூரியனை ஒருபோதும் பார்க்காதீர்கள். கண் போய்விடும். தரையில் விழும் நிழலையும் வெளிச்சத்தையும் மட்டும் பாருங்கள்.

சிந்திக்க: வட துருவத்தில் நிற்பவருக்கு உச்சியில் எந்த நட்சத்திரம் இருக்கும்? அவருக்குச் சூரியன் எப்போதாவது உச்சிக்கு வருமா? விடையை எழுதி அறிவியல் சாரிடம் கொடுங்கள்.

நிறைவாக, ஆகஸ்ட் 15 அன்று எனக்குக் கைதட்டிய அனைவரிடமும் சொல்கிறேன்: பெரிய கோயில் கோபுரத்தின் நிழல் தரையில் விழுகிறது. காலையில் விழுகிறது, மாலையில் விழுகிறது, வெயிலில் வந்தவர்கள் அதில் உட்கார்ந்து சுண்டல் சாப்பிடுகிறார்கள். நான் சொன்னது தவறு. அதைக் கேட்கத் துணிந்த ஏழாம் வகுப்புத் தங்கைக்கு என் நன்றி. யாராவது மேடையில் தப்பாகப் பேசினால், அது அக்காவாக இருந்தாலும், குழாயடியில் பிடித்துக் கேட்டுவிடுங்கள்!